ஒன்றரைப் பக்கப் பேச்சும் ஒன்பது கேள்விகளும்

காலை ஒன்பதரைக்குச் சேனலிலிருந்து போன் வந்தது. அன்று எடுக்கவிருந்த கோர்ட் சீனில் வக்கீல் பேசும் ஒன்றரைப் பக்க வசனம் ஆட்சியை நேராகவே திட்டுகிறதாம். மதியத்துக்குள் மாற்றாவிட்டால் அந்த சீனே வேண்டாம் என்றார்கள்.

ராசிபுரம் பக்கம் மூடிக்கிடந்த ஒரு நூல்மில் குடோனுக்குள் கோர்ட் செட் போட்டிருந்தோம். நான் உதவி வசனகர்த்தா. வசனம் எழுதிய சீனியர் சென்னையில் காய்ச்சலில் படுத்திருந்தார். கிராம சபை சம்மதித்துவிட்டதாகத் தீர்மானம் காட்டிக் கல்குவாரி திறக்கிறார்கள். ஊர்க்காரர்கள் வழக்குப் போடுகிறார்கள். இதுதான் எங்கள் தொடரின் கதை. அந்த சீன் போனால் மாமியார் சண்டைதான் மிஞ்சும்.

"தூக்கிடலாம்பா," என்றார் டைரக்டர்.

"ஒரு மணி நேரம் குடுங்க சார். நான் எழுதறேன்."

"நீயா? டைப்பிஸ்ட்டு, வசனம் எழுதுவியா, மனு எழுதுவியா?"

யூனிட்டே சிரித்தது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். டிகிரி முடித்ததும் நாமக்கல்லில் ஒரு வக்கீல் ஆபீசில் மூன்று வருடம் டைப் அடித்தேன். சாட்சி வாக்குமூலங்களை அடித்து அடித்து ஒன்று தெரிந்திருந்தது: குறுக்கு விசாரணையில் வக்கீல் பிரசங்கம் செய்ய முடியாது, கேள்விதான் கேட்கலாம்.

பிரசங்கத்தை முழுக்க வெட்டிவிட்டேன். கூண்டில் நிற்கும் ஊராட்சிச் செயலருக்கு ஒன்பது கேள்விகள் எழுதினேன். கூட்டம் எத்தனை மணிக்கு? தண்டோரா போட்டது யார்? தீர்மானத்தை யார் வாசித்தார்கள்? ஆட்சி, கட்சி, மந்திரி என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை. ஒன்பதாவது கேள்வி: "தீர்மானத்தில் இத்தனை பேர் கையெழுத்தையும் எந்த இடத்தில் வைத்து வாங்கினீர்கள்?" அதற்குச் சாட்சி வாய் திறக்கமாட்டார். அதோடு சீன் முடிகிறது.

வக்கீலாக நடித்தவருக்கு முகம் வாடிவிட்டது. "தம்பி, எனக்குப் பேசவே ஒண்ணுமில்லியேப்பா!"

"கடைசிக் கேள்வி கேட்டுட்டு சும்மா நின்னாப் போதுங்க சார்."

டேக் ஓடியது. கோர்ட்டில் வேடிக்கை பார்க்கிறவர்களாகப் புதுச்சத்திரத்திலிருந்து வேனில் வந்தவர்கள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். ஒன்பதாவது கேள்வி விழுந்தது. சாட்சி தலையைக் குனிந்தார்.

"நூறு நாள் வேலை நடக்கற எடத்துலதானுங்க! வேலைக்கு வந்ததுக்குக் கையெழுத்துன்னு சொல்லித்தான் எங்ககிட்டயும் வாங்குனாங்க!"

பெஞ்சிலிருந்து ஓர் அக்கா எழுந்து நின்றிருந்தார். பக்கத்துப் பெண் சேலையைப் பிடித்து இழுத்தார். "உக்காருங்கக்கா, படம் புடிக்கறாங்க!"

டைரக்டர் கட் சொல்லவில்லை. ஜட்ஜாக நடித்தவரும் கண்ணாடிக்கு மேலாக அவரைப் பார்த்து, "அமைதியா உக்காருங்கம்மா," என்றார். அப்புறம்தான் கட். இரண்டாவது டேக் எடுக்கவேயில்லை.

எடுத்ததை அப்படியே சேனலுக்கு அனுப்பினோம். "இதுல அரசியல் எங்க இருக்கு? ஓகே," என்று பதில் வந்தது. டைரக்டர் என் முதுகில் ஓர் அறை அறைந்தார்; இரண்டு நாள் வலித்தது. சீனியர் போனில், "எம் பேச்சைக் கொன்னுட்டியே பாவி," என்றார். ஆனால் அந்த எபிசோடில் வசனம் என்ற இடத்தில் தன் பெயருக்குக் கீழே என் பெயரைப் போடச் சொன்னதும் அவர்தான்.

எழுத வருகிற தம்பி தங்கைகளுக்கு நான் சொல்வது இதுதான்: உங்கள் கோபத்தை வக்கீல் வாயில் திணிக்காதீர்கள். அதைக் கேள்வியாக்குங்கள், பதில் தெரிந்தவர்கள் எதிரே உட்கார்ந்திருக்கிறார்கள்.

அன்று வேன் கிளம்பும் முன் அந்த அக்கா என்னைத் தேடி வந்தார்.

"ஏஞ்சாமி, அந்தக் கடைசிக் கேள்விய ஒரு காயிதத்துல எழுதிக் குடு."

"எதுக்குங்கக்கா?"

"எங்கூர்ல அடுத்த மாசம் கிராம சபைக் கூட்டமாமா. எம்பட புள்ளய உட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்டு மனசுல வெச்சுக்கறேன். இந்த வாட்டி நாங் கேக்கோணும்."

வசனத் தாளின் பின்பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தேன்.