ஷமீம் அக்காவின் மூன்றாவது வரி

இந்த நேரத்தில் எழுதுவதற்கு மன்னியுங்கள். மணி ஒன்றரை ஆகிறது. மகள் இப்போதுதான் தூங்கினாள். பகலில் சேர்ந்தாற்போல் நான்கு வரி எழுத எனக்கு வாய்ப்பதில்லை. கைபேசி ஒலித்து உங்கள் வீட்டில் யாராவது விழித்துக்கொண்டிருந்தால் அதற்கும் சேர்த்து மன்னியுங்கள்.

சென்ற வெள்ளிக்கிழமை காலை மகளுக்குக் கேழ்வரகுக் கூழ் ஊட்டிக்கொண்டிருந்தபோது எங்கள் கடையில் பாலிஷ் போடும் பாபு அண்ணன் கைபேசியில் கூப்பிட்டார். எப்போதும் கத்திப் பேசுகிறவர் அன்று மெல்லத்தான் பேசினார். "மேடம், அக்கா பூட்டாங்க," என்றார். எந்த அக்கா என்று கேட்டேன். தெரிந்தேதான் கேட்டேன். மேற்குத் தாம்பரத்தில், பழைய மரச் சாமானும் பித்தளைச் சாமானும் விற்கிற எங்கள் கடையில் அக்கா என்றால் ஒருவர்தான். ஷமீம் அக்காவுக்கு நாற்பத்தெட்டு வயது. தேநீர் குடித்துவிட்டு நெஞ்சை அடைக்கிறது என்று உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. மாலைக்குள் அடக்கமும் முடிந்துவிட்டது.

கடைக்கு வந்துபோகிற உங்களில் பலரிடம் அவர் கொடுத்த சீட்டு இருக்கும். கடையிலிருந்து ஒரு பொருள் வெளியே போனாலும் சரி, வெளியிலிருந்து யாராவது கொண்டுவந்து "இது நிஜமாகவே பழசா?" என்று கேட்டாலும் சரி, சீட்டு உண்டு. அதில் மூன்றே வரிகள்: தெரிந்தது, மாற்றியது, தெரியாதது. அவர் சொல்லச் சொல்ல நான் எழுதுவேன். மூன்றாவது வரியை அவர் காலியாக விட்டதே இல்லை. "தெரியாதது ஒண்ணுமே இல்லன்னு ஒருத்தன் சொல்றான் பாரு, அவன் கைல மட்டும் எதியும் வாங்காத," என்பார்.

நான் அவரிடம் முதலில் போனது வாடிக்கையாளராக. அதுவும் ஏமாந்த வாடிக்கையாளராக. திருமண நாளுக்கென்று கோவளம் தாண்டி ஒரு கடையில் பித்தளைக் குழல் வைத்த கிராமபோன் ஒன்றை வாங்கியிருந்தேன். ஒரு வாரத்தில் நின்றுபோனது. அக்கா தரையில் உட்கார்ந்து டார்ச் அடித்து அதன் அடிப்பக்கத்தைத்தான் முதலில் பார்த்தார்.

"யாருக்கும்மா வாங்கின?"

"என் ஹஸ்பண்டுக்குக்கா."

"அவருக்குக் காது நல்லா கேக்குமா?"

"கேக்குமே."

"அப்ப கஷ்டந்தான். இது கேக்கறதுக்கு செஞ்சது இல்ல கண்ணு. பாக்கறதுக்கு செஞ்சது."

என் முகம் போன போக்கைப் பார்த்துத் தேநீர் வரவழைத்தார். பிறகு பொறுமையாகக் காட்டினார். சாவி கொடுக்கும் கைப்பிடி கறுத்திருந்தது. யார் விரலும் எட்டாத உள்மூலை பளபளவென்று இருந்தது. "கை படற எடம் கறுப்பா கீது, படாத எடம் மின்னுது. எவனோ தலகீழா பழசு பண்ணிக்கிறான்," என்றார். அழ வந்தவள் சிரித்துவிட்டேன். வரலாற்றில் எம்.ஏ. படித்தவள் என்று தெரிந்ததும், "அப்ப நீ சீட்டு எழுத வா. என் எழுத்து கோழி கிண்டுன மாதிரி இருக்கும்," என்றார். நான்கு வருடங்களுக்கு முன்னால் அப்படித்தான் கடைக்கு வந்தேன்.

அவர் கையில் எப்போதும் ஒரு தையல்காரர் டேப் இருக்கும். ஒருமுறை ஒரு வியாபாரி வட்ட மேசை ஒன்றைக் கொண்டுவந்து நூறு வருடத்துப் பொருள் என்று சத்தியம் செய்தார். அக்கா மேசையை நெடுக்கே ஒரு தரம், குறுக்கே ஒரு தரம் அளந்தார்.

"இன்னாக்கா, டெய்லர் மாதிரி அளக்கிற?"

"மாப்ளைக்கு சட்டை தைக்கத்தான். நூறு வருசம்னியே, ஒரு நூலு கூட சுருங்கலியே, எப்டிப்பா?"

மரம் காய்ந்துகொண்டே வரும்போது அதன் ரேகைக்குக் குறுக்கேதான் சுருங்கும். உண்மையிலேயே வயதான வட்ட மேசை இன்று சரியான வட்டமாக இருக்காது என்று அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அந்த வியாபாரி கோபித்துக்கொள்ளவில்லை. "உன் கண்ணுல மண்ணத் தூவ முடியாது," என்று சொல்லிவிட்டு மேசையைத் திரும்ப வண்டியில் ஏற்றினார். போகும்போது சமோசாவுக்குச் சொல்லிவிட்டும் போனார்.

மகள் பிறந்தபின் நான் எதற்கெடுத்தாலும் பயப்படுகிறவள் ஆகிவிட்டேன். இரவில் மூச்சு வருகிறதா என்று கைபேசி விளக்கை அடித்துப் பார்ப்பேன். அதை அக்காவிடம் சொன்ன அன்று பாபு அண்ணனைக் கூப்பிட்டு, "கேட்டியா பாபு, இவ கொழந்தைக்கி டார்ச் அடிக்கிறாளாம், ஒரிஜினலா டூப்பான்னு," என்றார். கடையே சிரித்தது. ஆனால் மறுநாளிலிருந்து மூன்று மணிக்கே என்னை வீட்டுக்கு அனுப்பிவிடுவார். காரணம் ஒருநாளும் சொன்னதில்லை.

இனி அந்தத் தொட்டில். இதைச் சொல்லத்தான் இந்நேரத்தில் விழித்திருக்கிறேன்.

நான்கு மாதங்களுக்கு முன் ஓர் அம்மா லோடு ஆட்டோவில் ஒரு தேக்குத் தொட்டிலைக் கொண்டுவந்தார். சுற்றிலும் மரக்கம்பி வைத்து, குழந்தை பிடித்துக்கொண்டு நிற்கிற மாதிரி மேல்கட்டை உள்ள தொட்டில். கிறிஸ்தவப் பள்ளி ஒன்றில் ஆசிரியையாக இருப்பவர் என்று பேச்சில் தெரிந்தது. அக்கா "டீச்சர்" என்றே கூப்பிட்டார். டீச்சரின் மறைந்த கணவர் குழந்தையாகப் படுத்திருந்த தொட்டிலை எங்கோ பாலிஷ் போடக் கொடுத்திருக்கிறார். திரும்பி வந்தது வேறு மாதிரி தெரிகிறதாம். மாற்றி வைத்துவிட்டார்களோ என்ற சந்தேகம்.

"என் பொண்ணு மாசமா இருக்கா. பேரப்பிள்ளை வந்தா தன்னோட தொட்டில்லதான் போடணும்னு அவர் சொல்லிட்டே இருப்பார். இது அதுதானான்னு மட்டும் சொல்லுங்கம்மா, போதும்," என்றார். ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் புகைப்படமும் கொண்டுவந்திருந்தார். ஒரு குழந்தை தொட்டிலுக்குள் நின்றபடி மேல்கட்டைமீது முகத்தைக் கவிழ்த்துக்கொண்டிருக்கும். கேமராவைப் பார்த்து வெட்கம் என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

அக்கா ஒரு மணி நேரம் பார்த்தார். அடிப்பலகை புதியது. திருகுகள் புதியவை. படத்தில் முன்பக்கம் பதினொரு கம்பி, தொட்டிலிலும் பதினொன்று; ஆனால் எண்ணிக்கையை யாரும் பார்த்துச் செய்துவிட முடியும். மேல்கட்டையில் சின்னச் சின்னப் பள்ளங்கள் இருந்தன, இரண்டு இரண்டாக. அங்கேதான் அவர் விரல் நின்றது.

"டீச்சர், கைபட்டுத் தேஞ்சது ஒண்ணு மாதிரி இன்னொண்ணு இருக்காது. இதெல்லாம் ஒரே அளவு. பழசு மாதிரி தெரியட்டும்னு ஏதோ ஆயுதம் வெச்சி கொத்திக்கிறாங்க. மரம் பழசு. தொட்டில் உங்களுது இல்ல."

டீச்சர் சீட்டை மடித்துக் கைப்பையில் வைத்தார். "அப்ப அவர் இதுல படுக்கல," என்றார். "யாருக்காவது குடுத்துடறேன். வீட்ல வெச்சுப் பாக்க முடியாது."

அவருடைய பெயரையும் எண்ணையும் எங்கள் பிரதியில் குறித்துக்கொள்வது என் வேலை. அந்த நேரம் பார்த்துக் குழந்தைகள் காப்பகத்திலிருந்து மகளுக்குக் காய்ச்சல் என்று அழைப்பு வந்தது. எழுதாமலேயே ஓடினேன். பிரதி என்னிடம் இருக்கிறது. பெயர் இல்லை, எண் இல்லை. மூன்றாவது வரியும் காலி. அன்று மட்டும் அவர் அதைச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

போன மாதம் ஒரு சாயங்காலம். மகளுக்குக் கீழே இரண்டு பல் முளைத்து, மேலே இரண்டு எட்டிப் பார்த்திருந்த நேரம். என் கணவரின் நண்பர் ஊர் மாறிப் போகும்போது கொடுத்த மரத்தொட்டிலில் எழுந்து நின்று கட்டையைக் கறகறவென்று கடித்துக்கொண்டிருந்தாள். வார்னிஷ் வயிற்றுக்குள் போகுமே என்று பதறி அவளைத் தூக்கினேன். அவள் கடித்த இடத்தில் சின்னச் சின்னப் பள்ளங்கள். இரண்டு இரண்டாக. எல்லாம் ஒரே அளவு.

ஒரே அளவாகத்தான் இருக்கும். கடித்தது அதே இரண்டு பல்தானே. அக்காவின் பிள்ளைகள், பாபு அண்ணன் பிள்ளைகள், நான், எல்லோரும் தூளியில் தூங்கி வளர்ந்தவர்கள். தூளியில் கடிப்பதற்குக் கட்டை ஏது? எங்கள் கடையில் ஒருவருக்கும் அந்தத் தடம் தெரிய வழியில்லை.

டீச்சரின் தொட்டிலையும் அந்தப் பழைய புகைப்படத்தையும் பதிவுக்காகக் கைபேசியில் எடுத்திருந்தேன்; அவற்றைத் தேடினேன். பழைய படத்தில் அந்தக் குழந்தையின் வாய் இருந்தது ஐந்தாம் கம்பிக்கும் ஏழாம் கம்பிக்கும் இடையில். கட்டையில் பள்ளங்கள் இருந்ததும் அங்கேதான். அவன் வெட்கப்படவில்லை, கடித்துக்கொண்டிருந்தான். பாலிஷ் போட்டவரும் பாவம், தொட்டிலை மாற்றவில்லை. பலகையையும் திருகையும்தான் மாற்றியிருக்கிறார்.

மறுநாள் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டே கடைக்குப் போனேன். அக்கா படங்களை வெகுநேரம் பார்த்தார். பிறகு மகளின் வாயில் மெல்ல விரலை விட்டார். அவள் நறுக்கென்று கடித்தாள்.

"சாட்சி சொல்லிட்டாம்மா," என்று விரலை உதறினார். சிரிக்கத்தான் செய்தார், ஆனால் கண் சிரிக்கவில்லை. "கம்பிய எண்ணினேன் கண்ணு. வாயப் பாக்கல."

புதுச் சீட்டு கேட்டார். என்னிடம் சொல்லவில்லை; தானே எழுதினார். டீச்சரைக் கண்டுபிடித்துத் தன் கையால் கொடுக்க வேண்டும் என்றார். லோடு ஆட்டோக்காரரைத் தேடிப் பிடித்ததில் பீர்க்கன்கரணை ஏரிப் பக்கம் இறக்கினோம் என்பதற்குமேல் அவருக்கு நினைவில்லை. அக்காவும் பாபு அண்ணனும் இரண்டு சாயங்காலம் தெருத் தெருவாக விசாரித்தார்கள். மூன்றாவதாகப் போவதற்கு வைத்திருந்த நாள் அந்த வெள்ளிக்கிழமை.

அவருடைய டேப்பை அவர் மகள் வைத்துக்கொண்டாள். டார்ச் பாபு அண்ணனிடம் இருக்கிறது. என்னிடம் இருப்பது அந்தச் சீட்டு. கோழி கிண்டின எழுத்தில் இப்படி இருக்கிறது: தெரிந்தது: இது உங்க வீட்டு தொட்டில். மாற்றியது: அடிப்பலகை, திருகு. தெரியாதது: பிள்ளைப் பல் எப்படி கடிக்கும்னு எனக்கு தெரியாது.

யாராவது என்னிடம் எதையாவது அடித்துச் சொல்லும்போது இனி அந்த மூன்றாவது வரியைக் கேட்பேன். எனக்கு நானே சொல்லிக்கொள்ளும்போதும்.

டீச்சரின் மகளுக்கு இந்த மாதமே பிரசவமாக வேண்டும். தொட்டிலை ஏற்கெனவே யாருக்காவது கொடுத்துவிட்டாரா என்று தெரியவில்லை. தொட்டிலின் படத்தை இதோடு அனுப்புகிறேன். குழந்தை இருக்கும் படத்தை அவர்களைக் கேட்காமல் அனுப்ப மனமில்லை. உங்களில் யாருக்காவது டீச்சரைத் தெரிந்திருந்தால், அல்லது இப்படி ஒரு தொட்டில் உங்கள் பக்கம் யார் வீட்டுக்காவது புதிதாக வந்திருந்தால், எந்த நேரமானாலும் எனக்கு எழுதுங்கள். நான் விழித்துத்தான் இருப்பேன். தயவுசெய்து சீக்கிரம் பதில் போடுங்கள்.