ராஜாவுக்குக் கை தூக்கிய ஞாயிற்றுக்கிழமை

விவாதத் தலைப்பைத் தேர்ந்தெடுத்தவர் எங்கள் தலைமைக் குமாஸ்தாவேதான். இதை யாரிடம் சொன்னாலும் நம்ப மறுக்கிறார்கள். "இங்கிலாந்து ராஜாவுக்கும் அவருடைய நாடாளுமன்றத்துக்கும் நடந்த சண்டையில் நியாயம் யார் பக்கம்?" என்று தன் கைப்பட எழுதி, மலாயாவில், பிரிக்பீல்ட்ஸில் இருந்த எங்கள் ரயில்வே சங்கத்து வாசகசாலைச் சுவரில் அவரே பசை தடவி ஒட்டினார்.

அவர் போட்ட கணக்கு எளிமையானது. சங்கத்து விவாதக் கூட்டத்தில் இந்தியாவைப் பற்றிப் பேசக் கூடாது, போலீஸ் வரும். மலாயாவைப் பற்றிப் பேசக் கூடாது, துரை காதுக்குப் போகும். சாதியைப் பற்றிப் பேசக் கூடாது, நாற்காலி பறக்கும். முந்நூறு வருஷத்துக்கு முன் தலை வெட்டப்பட்ட ஒரு ராஜாவைப் பற்றிப் பேசினால் யாருக்கு என்ன கேடு என்று நினைத்துவிட்டார். நாங்களும் வேறு எதைப் படித்திருந்தோம்? இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் அந்த ராஜாக்கள் எந்தச் சண்டையில் எந்தக் குதிரையிலிருந்து விழுந்தார்கள் என்பது வரை உருப்போட்டவர்கள் நாங்கள். எங்கள் தாத்தாவின் தகப்பனார் பெயரைக் கேட்டால் முழிப்போம்.

நாடாளுமன்றத்தின் பக்கம் பேச என்னைப் போட்டார்கள். ராஜாவின் பக்கம் பேச, கிள்ளானில் சரக்குக் கொட்டகையில் வேலை பார்த்த என் நண்பனைப் போட்டார்கள். அவன் சங்கத்தில் சேர்ந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. "தலை போன ஆளுக்கு நான் என்னடா பேசறது? நீ ஈசியா ஜெயிச்சிட்டுப் போயிடுவே லா" என்று சலித்துக்கொண்டான்.

நாங்கள் இருவரும் ரயில்வேயில் தற்காலிகக் குமாஸ்தாக்கள். மூன்று வருஷமாகத் தற்காலிகம். ரப்பர் விலை விழுந்து, தோட்டங்களிலிருந்து ஆட்களைக் கப்பல் கப்பலாக ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்த காலம் அது. அடுத்தது ஆபீஸ்காரர்கள்தான் என்று எல்லோருக்கும் தெரியும். நிரந்தரம் ஆனவனுக்கு வேலை இருக்கும், ஆகாதவனுக்கு ஒரு மாத நோட்டீசும் ஊருக்குக் கப்பலில் ஒரு டெக் டிக்கெட்டும். என் மனைவி நாகப்பட்டினத்திலிருந்து வந்து ஒன்றரை வருஷம்தான் ஆகியிருந்தது, கைக்குழந்தை வேறு. யாரை நிரந்தரமாக்கலாம் என்று பெயர் எழுதி மேலே அனுப்புகிறவர் தலைமைக் குமாஸ்தா. அவரேதான் எங்கள் சங்கத்துக்கும் தலைவர். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்கிற புத்தி கூட்டத்துக்கு முந்தின பதினைந்து நாளும் எனக்கு வரவில்லை. என் மண்டையில் அடித்துக்கொள்ள வேண்டும்.

பழைய சரித்திரப் புத்தகத்தை இரவல் வாங்கி வந்து விழுந்து விழுந்து படித்தேன். சோற்றுத் தட்டுக்குப் பக்கத்திலும் புத்தகம். மனைவி ஒரு நாள் பொறுக்க முடியாமல் கேட்டாள்: "அந்த ராஜா செத்துட்டாரா இல்லையா? செத்துட்டாருல்ல, அப்போ சோத்த சாப்பிடுங்க."

கூட்டம் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். தகரக் கூரை கொதித்தது. ரயில் போகும்போதெல்லாம் சுவரில் மாட்டியிருந்த அப்போதைய ராஜாவின் படம் ஆடியது. நாற்பது பேருக்கு மேல் வந்திருந்தார்கள், செந்தூல் ரயில்வே பட்டறையிலிருந்துகூட.

எங்கள் சங்கத்தில் ஒரு விதி இருந்தது. மாட்சிமை தங்கிய மன்னர் என்ற சொல் காதில் விழுந்தால் எல்லோரும் எழுந்து நிற்க வேண்டும். முந்தின வருஷம் ஒரு துரை கூட்டத்துக்கு வந்தபோது தலைவர் கொண்டுவந்த விதி அது. நான் பேச எழுந்து, "மாட்சிமை தங்கிய மன்னர் நாடாளுமன்றத்தை மதிக்கவில்லை" என்று ஆரம்பித்தேனோ இல்லையோ, பட்டறைக்காரர் ஒருவர் விறைப்பாக எழுந்தார். அவரைப் பார்த்து அடுத்தவர், அவரைப் பார்த்து வரிசை முழுவதும். தலைவர் ஒரு கணம் யோசித்தார். விதி போட்டவர் ஆயிற்றே, அவரும் எழுந்தார். செத்துப்போன ராஜாவுக்கும் அது பொருந்துமா என்று யாரும் கேட்கவில்லை.

உட்கார்ந்தார்கள். நான் தொடர்ந்தேன். மறுபடி மன்னர், மறுபடி எழுந்தார்கள். நாற்காலிகள் கீச்சிட்டுக் கீச்சிட்டு என் வாதமே காதில் விழவில்லை. சரி, மன்னர் என்று சொல்ல வேண்டாம் என்று "அவர்" என்றேன். தலைவர் கையை உயர்த்தி, "யாரைச் சொல்றீங்கன்னு மரியாதையா முழுசாச் சொல்லுங்க தம்பி" என்றார். முழுசாகச் சொன்னேன். எழுந்தார்கள். அன்றைக்கு எனக்கு வந்த எரிச்சலில் அந்த ராஜாவின் தலையை நானே வெட்டியிருப்பேன்.

எப்படியாவது முடித்துத் தொலைப்போம் என்று என் வலுவான பாயிண்டுக்குத் தாவினேன். "பதினோரு வருஷம் சபையைக் கூட்டவே இல்லை. ஒருத்தரையும் கேட்காமல் தன் இஷ்டத்துக்கு வரி போட்டார். கேட்டவர்களை உள்ளே தள்ளினார். சபையைக் கூட்டப் பயப்படுகிறவனுக்குத் தலைமை எதற்கு?" கடைசி வரி புத்தகத்தில் இல்லை. நானாகச் சேர்த்தது. ஒரு வாரம் கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்தது.

கூடத்தில் ஒரு நாற்காலிகூட அசையவில்லை. பின் வரிசையில் யாரோ இருமினார். இன்னொருவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு வேட்டியைச் சரிசெய்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் சங்கத்தின் பொதுக்கூட்டத்தைக் கூட்டி நாலு வருஷம் ஆகியிருந்தது. போன மாதம் சுவர்க் கடிகாரம் வாங்க ஆளுக்கு இவ்வளவு என்று தலைவர் யாரையும் கேட்காமல் வசூல் செய்திருந்தார். கேள்வி கேட்ட செயலாளரை மாற்றி வேறு செயலாளரைப் போட்டிருந்தார். நான் சத்தியமாக இதில் எதையும் நினைத்துப் பேசவில்லை. ஆனால் கூடத்தில் இருந்த அத்தனை பேரும் அதை மட்டும்தான் நினைத்துக்கொண்டிருந்தார்கள். தலைவர் முகத்தில் ஈயாடவில்லை. "மேலே சொல்லுங்க தம்பி" என்றார். கையிலிருந்த குறிப்புத் தாளை நாலாக மடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

அடுத்து என் நண்பன் எழுந்து பேசினான். பத்து நிமிஷம் பேசியிருப்பான். நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தலைவரின் முகத்தையே பார்த்துக்கொண்டு, குழந்தையைத் தூக்கிக்கொண்டு கப்பல் ஏறுவதை நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிறகு ஓட்டெடுப்பு. எந்தப் பக்கம் யார் கை தூக்கினார்கள் என்று பெயர் பெயராக மினிட் புத்தகத்தில் எழுதிவைப்பது எங்கள் வழக்கம். எந்தப் புண்ணியவான் ஆரம்பித்த வழக்கமோ. புதுச் செயலாளர் பேனாவைத் திறந்தார். "ராஜா பக்கம்?" என்று தலைவர் கேட்டார்.

கைகள் எழுந்தன. முன் வரிசை, நடு வரிசை, இருமியவர், வேட்டியைச் சரிசெய்தவர், எல்லோரும். தலைவர் கண்ணைச் சுழற்றிக்கொண்டு வந்தார். பார்வை என் மேல் வந்து நின்றது. என் கை எழுந்தது. யாரோ என் கையைப் பிடித்துத் தூக்கினார்கள் என்று சொல்ல ஆசைதான். ஒருவரும் தூக்கவில்லை, நானேதான் தூக்கினேன். செயலாளர் என்னைப் பார்த்துவிட்டு, ஒரு நிமிஷம் பேனாவை நிறுத்தி, பிறகு எழுதிக்கொண்டார்.

"நாடாளுமன்றத்தின் பக்கம்?"

ஒரே ஒரு கை. ராஜாவுக்காகப் பேசிய என் நண்பனுடையது.

கூட்டம் கலைந்ததும் தலைவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். என் தோளில் தட்டி, "பயந்துட்டீங்களா? உங்க ரெண்டு பேர் பேரும் போன புதன்கிழமையே மேலே போயிடுச்சு. துரை கையெழுத்தும் போட்டாச்சு. லெட்டர் வந்துடும்" என்றார். அவர் கோபமாகவே இல்லை. கேட்டதும் எனக்கு வந்தது சந்தோஷமில்லை. புதன்கிழமையே போய்விட்டதை ஞாயிற்றுக்கிழமை காலையில் சொல்லித் தொலைப்பதற்கு என்ன? இதை அவரிடம் கேட்கவா முடியும்? "ரொம்ப நன்றிங்க ஐயா" என்றேன், கும்பிடு வேறு போட்டேன்.

ஆறு மணி ரயிலுக்கு நண்பனை வழியனுப்பப் போனேன். பிளாட்பாரத்தில் விஷயத்தைச் சொன்னேன். அவன் சந்தோஷப்பட்டு, அம்மாவுக்குக் கடிதம் போட வேண்டும் என்றான். பிறகு நானாக, "நீ ஏன்டா அந்தப் பக்கம் தூக்கினே?" என்று கேட்டேன்.

"நீ பேசினதக் கேட்டேன். சரின்னு பட்டுச்சு, தூக்கினேன். விவாதம்னா அதுதானே" என்றான். ரயில் வந்தது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தவன், கூச்சத்தோடு வெளியே தலையை நீட்டினான். "நீயும் என் பேச்சக் கேட்டு மாறிட்டே பாத்தியா. நான் எதிர்பார்க்கவே இல்ல. நான் சொன்னதுல எதுடா உனக்குப் பட்டுச்சு?"

அவன் கேலி செய்யவில்லை. உண்மையாகவே கேட்டான். "கடைசியாச் சொன்னியே, அது" என்றேன்.

அவன் முகம் மலர்ந்துவிட்டது. "அதுவா? அதச் சொல்லலாமா வேணாமான்னு கிள்ளான்லருந்து வர்ற வழி முழுக்க யோசிச்சேன் லா" என்றான். ரயில் நகர்ந்தது. அன்றைய பேச்சில் அவன் கடைசியாக என்ன சொன்னான் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. பிறகு முப்பது வருஷம் ஒரே ரயில்வேயில் வேலை பார்த்தோம். ஒரு நாளும் நான் கேட்கவில்லை.