இடது பக்கத்துச் சத்தம்

சத்தம் எனக்கு மட்டும்தான் கேட்டது. என் எரிச்சலே அதுதான்.

என் வீட்டுக்காரருக்குக் குடலில் கட்டி. வாரத்தில் இரண்டு நாள் அவரைச் சிகிச்சைக்காக மதுரைக்குக் கூட்டிப் போய்க்கொண்டிருந்தேன். ஐம்பத்திரண்டு வயதில் நான் கார் ஓட்டப் பழகியதே அதற்காகத்தான். திண்டுக்கல்லைத் தாண்டி நாலுவழிச் சாலையில் ஏறியதும் முன்னால் இடது பக்கத்திலிருந்து டிக், டிக் என்று வரும். ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க டகடகவென்று கூடும். மெதுவாகப் போனால் அடங்கிவிடும். இஞ்சினில்தான் ஏதோ கழன்றுகொண்டிருக்கிறது என்று முடிவு கட்டிவிட்டேன். கொடைரோடு டோல்கேட்டுக்கு அந்தப் பக்கம் பொட்டல்வெளியில் வண்டி நின்றுபோனால், இந்த மனுஷனை வைத்துக்கொண்டு நான் எங்கே போவேன்? அந்தப் பயத்திலேயே இன்னும் வேகமாக ஓட்டினேன்.

"ஏங்க, சத்தம் கேக்குதா?"

"எனக்கு ஒண்ணும் கேக்கலயே."

"காதுல என்னத்த வச்சு அடச்சிருக்கீங்க?"

பக்கத்துச் சீட்டில் இருப்பவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். ஆஸ்பத்திரியிலும் அதே கதைதான். "வலி எப்படி இருக்கு?" என்று டாக்டர் ஒவ்வொரு தடவையும் கேட்பார். "பரவால்ல டாக்டர், தாங்கிக்கலாம்" என்று இவர் சிரிப்பார். டாக்டரும் எழுதிக்கொள்வார். நானும் நம்பிக்கொண்டிருந்தேன்.

பேகம்பூர் பக்கம் பட்டறை வைத்திருக்கும் பாயிடம் வண்டியைக் கொண்டுபோனேன். எங்கள் வண்டியை வாங்கிய நாளிலிருந்து பார்ப்பவர் அவர். பானட்டைத் திறந்து, நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை இஞ்சினில் ஒவ்வொரு இடமாக வைத்து, அதன் பிடியைக் காதில் அழுத்திக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். நானும் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன்.

"டேப்பட் சுத்தமா இருக்கு. பெல்ட்டும் நல்லாருக்கு. என்ன சத்தம்மா கேட்டீங்க?"

வத்தலக்குண்டு ரோட்டில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தோம். ஒன்றுமில்லை. என்னிடம் அம்புட்டு ஆட்டம் போட்ட வண்டி, பாயைக் கண்டதும் மாமியார் வீட்டுக்கு வந்த புது மாப்பிள்ளையாட்டம் வாயை மூடிக்கொண்டது. மூன்று தடவை இப்படியே ஆனது. மூன்று தடவையும் வீட்டுக்காரரை வீட்டில் படுக்க வைத்துவிட்டுத்தான் வந்தேன். அவரை எதற்கு அலையவிட வேண்டும்?

மூன்றாம் தடவை எனக்குப் பொறுக்கவில்லை. பட்டறையில் நாலு பேர் நிற்கும்போதே கத்திவிட்டேன். "இம்புட்டு வருசமா என்னத்த தொழில் பாக்குறீங்க பாய்? காது கேக்குதா இல்லையா உங்களுக்கு?"

பாய் கோபப்படவில்லை. கையைத் துணியில் துடைத்துக்கொண்டு சொன்னார். "நீங்க மதுரைக்குப் போகயில நானும் பின்னாடி ஏறிக்கிறேன். சின்னாளப்பட்டி வரைக்கும் வாரேன். பாத்துருவோம்."

சொன்னபடியே வந்தார். பாலம் ஏறி இறங்கியதும் சத்தம் ஆரம்பித்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "கேட்டுச்சா பாய்? நான் என்ன பைத்தியக்காரியா?" என்று இன்னும் மிதித்தேன். டகடகடக.

"கேட்டுச்சும்மா" என்றார் பாய். செத்த நேரம் முன்சீட்டுப் பக்கமே எட்டிப் பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு, "சின்னாளப்பட்டி பிரிவு வந்துருச்சு. ஓரமா நிப்பாட்டுங்க. டிக்கியைத் திறங்க, ஒண்ணு பாக்கணும்" என்றார்.

நானும் இறங்கிப் பின்னால் போனேன். டிக்கியின் மூடியைத் தூக்கிப் பிடித்தபடி, உள்ளே இருப்பவருக்குக் கேட்காத குரலில் சொன்னார்.

"இஞ்சின்ல ஒண்ணுமில்லம்மா. ஐயா கையப் பாருங்க. கதவுப் பிடியப் புடிச்சிருக்காருல்ல, மோதிரம் அதுல அடிக்குது. வண்டி குலுங்குறப்பல்லாம் பிடிய இறுக்குறாரு. பின்னாடி உக்காந்து பாத்துக்கிட்டே வந்தேன். பல்லக் கடிச்சுக்கிட்டு வாராரும்மா."

அவ்வளவுதான். மூடியைச் சாத்திவிட்டு, பஸ் பிடிக்க ரோட்டைத் தாண்டிப் போய்விட்டார்.

உள்ளே ஏறி அவர் கையைப் பார்த்தேன். எங்கள் கல்யாண மோதிரம் அது. வலது கை ஊசி குத்திக் குத்தி வீங்கியதும், சோப்புப் போட்டுக் கழற்றி இடது கையில் நான்தான் மாட்டிவிட்டேன். அப்போது இறுக்கமாகத்தான் இருந்தது. இப்போது அந்த விரலில் ஒரு குச்சியைச் சுற்றிக் கிடப்பதைப்போலக் கிடந்தது. தினமும் சோறு ஊட்டாத குறையாகப் பார்த்துக்கொண்டவள் நான். இது எப்படி என் கண்ணில் படாமல் போனது? அட முண்டமே, என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

வண்டியை எடுத்தேன். நாற்பதைத் தாண்டவில்லை. பின்னால் வந்த லாரிக்காரன் ஹாரனை அமுக்கித் தொலைத்தான். அமுக்கட்டும். சத்தம் வரவில்லை.

"எம்புட்டு நாளா வலிக்குது?"

ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "ஒரு மாசம் இருக்கும்."

"சொல்றதுக்கென்ன? வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்தீங்க?"

"சொன்னா நீ இன்னும் வேகமா ஓட்டுவ" என்றார்.

மிதித்தால் சத்தம் கூடுகிறது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவள் நான்.

அன்று டாக்டர் கேட்டதும் இவர் "பரவால்ல" என்று ஆரம்பித்தார். "பொய் சொல்றாரு டாக்டர்" என்று குறுக்கே விழுந்தேன். எல்லாவற்றையும் சொன்னேன், நான் ஓட்டிய வேகத்தையும் சேர்த்து. வலிக்கு வேறு மாத்திரை எழுதித் தந்தார்கள்.

மறுநாள் பாயின் பட்டறைக்குப் போய், அந்த நாலு பேர் இருக்கும்போதே மன்னிப்புக் கேட்டேன். "அட போங்கம்மா, ஐயா எப்படி இருக்காரு?" என்று மட்டும் கேட்டார்.

அந்த வாரமே வீட்டுக்காரர் மோதிரத்தைக் கழற்றி நீட்டினார். "லூசா இருக்கு, எங்கயாச்சும் விழுந்துரும். அடியில கொஞ்சம் நூல் சுத்திக் குடேன்."

நூல்கண்டு கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. நூலைச் சுற்றினால் மோதிரம் விரலோடு ஒட்டிக்கொள்ளும், கதவில் அடிக்காது. "அப்புறம் பாக்கலாம்" என்று சொல்லி, அப்படியே திருப்பி மாட்டிவிட்டேன். அந்த மனுஷன் வாயைத் திறந்து சொல்லமாட்டார். மதுரை ரோட்டில் இப்போது ரேடியோகூடப் போடுவதில்லை; டிக் என்று கேட்டால் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுகிறேன்.