ராட்டினத்தில் மாறாத எண்

பெங்களூரு ஈஜிபுராவில் அறை எடுத்துத் தங்கி, பொழுதுபோக்குப் பூங்கா ராட்டினங்களைக் கட்டும் முன் கணினியில் ஓட்டிப் பார்க்கும் ஒரு சிறு நிறுவனத்தில் சேர்ந்திருந்தேன். குழுவில் மற்ற ஐந்து பேரும் பி.இ. நான் மட்டும் பி.எஸ்சி. இயற்பியல். "பிஎஸ்சி" என்பதே என் பெயராகிவிட்டது. வேலை நிரந்தரமாக ஒரு வாரம் இருந்தபோது என் நிரல் சோதனையில் தோற்றது. தோற்றபடியே கிடந்தால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான்.

நடுத்தூண் சுற்ற, சங்கிலியில் நாற்காலிகள் தொங்கிச் சுழலும் ராட்டினம் அது. காற்றுத் தடையையும் உராய்வையும் நீக்கிவிட்டு ஓட்டினால் மொத்த ஆற்றல் மாறக்கூடாது என்பது எங்கள் சோதனை. என்றோ ஊசலுக்காக எழுதியதை எல்லாவற்றுக்கும் அப்படியே மாட்டிவைத்திருந்தார்கள். என் ராட்டினத்தில் ஆற்றல் ஏறி ஏறி இறங்கியது. திரையில் சிவப்பு.

பக்கத்து இருக்கைக்காரர் அரை மணி நேரத்தில் வைத்தியம் பார்த்துவிட்டார். கணக்கின் ஒவ்வொரு அடியிலும் நாற்காலிகளின் வேகத்தைக் கூட்டியோ குறைத்தோ ஆற்றலைப் பழைய எண்ணுக்கே இழுத்துவிடும் நான்கு வரிகளை என் நிரலில் சேர்த்தார். உடனே பச்சை! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாற்காலி எவ்வளவு தூரம் வெளியே வீசும் என்று எங்கள் கணக்கைப் பார்த்துத்தான் வேலி போடுவார்கள்.

"டெஸ்ட் பாஸ் ஆயிடுச்சுல்ல பிஎஸ்சி, விடு" என்றார்.

நான் விடவில்லை. ஊசலில் ஆற்றல் ஏன் மாறுவதில்லை? அது தொங்கும் ஆணி அசையாததால். இங்கே ஆணியே சுற்றுகிறது. மோட்டார் ஆற்றலைக் கொடுக்கிறது, பிடுங்கவும் செய்கிறது. ஆனால் ராட்டினத்தோடு நானும் சேர்ந்து சுற்றினால் ஆணி எனக்கு அசையாது. அங்கிருந்து பார்த்தால் மாறாமல் நிற்பது வேறொன்று. சுழலும் வேகத்தையும் கோண உந்தத்தையும் பெருக்கி, மொத்த ஆற்றலிலிருந்து கழித்தால் வரும் எண்.

வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் அதைப் பலகையில் எழுதினேன். எங்கள் மேலாளர் சிவாஜிநகரில் பிறந்து வளர்ந்தவர், சுலபத்தில் எதையும் நம்பாதவர். கையைக் கட்டிக்கொண்டு கேட்டார்.

"ஏம்மா, இந்த நம்பர் எப்பவுமே மாறாதா?"

ஆமாம் என்றால் கேள்வி அங்கேயே முடிந்திருக்கும்.

"இல்ல சார். மோட்டார் ஒரே ஸ்பீடுல சுத்தற வரைக்கும்தான். ஸ்டார்ட் ஆகறப்பவும் நிக்கறப்பவும் இதுவும் மாறும்."

"அப்ப இதுவும் ஃபெயில்தான்" என்று பக்கத்து இருக்கைக்காரர் சிரித்தார்.

மேலாளர் சிரிக்கவில்லை. "ஓட்டிக் காட்டு."

மோட்டார் வேகம் எடுக்கும்வரை திரையில் அந்த எண்ணைக் காட்டும் கோடு சரிந்துகொண்டே போனது. யாரோ உச்சுக்கொட்டினார்கள். வேகம் நிலைத்ததும் ஸ்கேல் வைத்து இழுத்ததுபோல் நேராகிவிட்டது. பிறகு அந்த நான்கு வரிகளைச் சேர்த்து ஓட்டினேன். வேகம் நிலைத்த பிறகும் கோடு தள்ளாடிக்கொண்டே இருந்தது.

"எங்க செல்லாதுன்னு நீயே சொன்ன பாரு, அதுக்குத்தான் நம்பறேன்" என்றார் மேலாளர். "அந்த நாலு லைனைத் தூக்கிடுங்க. உன் கன்ஃபர்மேஷன் லெட்டர் திங்கக்கிழமை வரும்மா."

நேரே கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். வேலை தப்பியதற்காக மட்டும் வந்த அழுகை இல்லை. ஆமாம் என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லித் தப்பித்திருக்கலாம். சொல்லவில்லையே என்ற பெருமை எனக்குத் தாங்கவில்லை.