எண்ணாமல் தைத்த வயிறு

பிரசவ ஆபரேஷனுக்குப் பிறகு என் மனைவி மேரிக்கு வயிற்றுவலி விடவே இல்லை. வேறு ஆஸ்பத்திரியில் திறந்து பார்த்தபோது, உள்ளே ரத்தம் ஒற்றும் துணி ஒன்று கிடந்தது. பிரசவம் பார்த்த டாக்டர்மேல் நுகர்வோர் கோர்ட்டில் கேஸ் போட்டோம்.

பாலவனத்தத்திலிருந்து வாய்தா வாய்தாவாக பஸ் ஏறி எனக்கு வெறுத்துப்போனது. அவர்கள் சமரசத்துக்குக் கூப்பிட்டதும் முதல் ஆளாகப் போய் நின்றேன். "நஷ்டஈடு தாரோம். வெளிய பேசக் கூடாது" என்றார் டாக்டரின் வக்கீல். நான் பேனாவைக்கூட எடுத்துவிட்டேன்.

மேரி டாக்டரைப் பார்த்துக் கேட்டாள்: "ஐயா, எனக்கப்புறம் வந்தவுகளுக்காவது துணியை எண்ணிப் பாத்துட்டுத் தைக்கிறீகளா?"

டாக்டர் வாயைத் திறந்தார். வக்கீல் அவர் கையை அழுத்தினார். அதே நேரம் நான் மேரியின் கையை அழுத்திக்கொண்டிருந்தேன். "சும்மா இரு புள்ள, காரியம் கெட்டுரும்."

அவள் கையை உருவிக்கொண்டாள். "அவுக பதில் சொல்லட்டும். பெறகு கையெழுத்துப் போடுறேன்."

டாக்டர் சொல்லவில்லை. கேஸ் இன்னும் நடக்கிறது. எங்கள் பஸ் அருப்புக்கோட்டையில் பிரசவம் பார்த்த அந்த ஆஸ்பத்திரியைத் தாண்டித்தான் போகும். வாசலில் நிறைமாசமாக ஒரு பெண் ஆட்டோவிலிருந்து இறங்குவதைப் பார்த்தால், எனக்கு சீட்டில் இருப்புக் கொள்வதில்லை.