மூடிக்கொண்ட துளை

அலுவலகத்தில் யாரோ எங்கள் மின்னஞ்சல்களைப் படித்துக்கொண்டிருந்தார்கள். வெளிநாட்டிலிருந்து அக்கா எனக்கு எழுதிய குடும்பச் சங்கதி, நான் வாய் திறக்குமுன்பே தேநீர் குடிக்கும் இடத்தில் பேச்சாகியிருந்தது. அன்றிலிருந்து ஒருவர் முகத்தை ஒருவர் வேவு பார்த்தபடிதான் வேலை செய்தோம்.

வவுனியா நகரில் இருந்த நிவாரண அலுவலகம் அது. சண்டையில் கொக்கிளாயை விட்டு ஓடி, ஊர் ஊராக அலைந்து, ஓமந்தைச் சோதனைச்சாவடியைத் தாண்டி வந்து சேர்ந்தவள் நான் ஒருத்திதான். அதனால் என்மேல்தான் எல்லோருக்கும் சந்தேகம். எனக்கும் அவர்களில் ஒருவரிடமும் நம்பிக்கை இல்லை. ஆனாலும் வாயைக் கட்டிக்கொண்டிருந்தேன். நகரில் தங்குவதற்கான பாஸ் முடியப்போகிறது. புதுப்பிக்க மேலாளரின் கடிதம் வேண்டும். அது கிடைக்காவிட்டால் நானும் அம்மாவும் திரும்ப அகதி முகாமுக்குத்தான்.

கொழும்பிலிருந்து கணினி திருத்துகிறவர் வந்தார். பார்த்துவிட்டு, "அக்கா, இங்க இருக்கிற ஒரு கணினி, 'நான்தான் மெயில் கணினி' எண்டு பொய் விலாசம் சொல்லுது. எல்லா மெயிலும் முதல் அதுக்குப் போய்த்தான் உங்களுக்கு வருது" என்றார்.

எல்லாக் கம்பிகளும் வந்து சேரும் சுவிட்ச் பெட்டியை அவர் மாற்றினார். அதில் கம்பி செருகும் ஒவ்வொரு துளைக்கும் ஒரு கணினியின் எண்ணை மட்டும் பழக்கினார். வேறு எண் வந்தால் துளை தானாக மூடிக்கொள்ளுமாம். மேலாளர் மட்டும், "என்ர துளைக்குப் பூட்டு வேண்டாம் தம்பி, பிறகு கரைச்சல்" என்றார். பெரியவர் சொன்னால் யார் மறுப்பது?

எனக்கொரு பழக்கம். வெள்ளிக்கிழமை வீட்டுக்குப் போகுமுன் என் கணினியைக் கழற்றி, சுவிட்ச் பெட்டியிலிருந்து கம்பியையும் பிடுங்கிச் சுருட்டி, உரப்பையில் கட்டிவைத்துவிடுவேன். ஷெல் விழுந்தால் தூக்கிக்கொண்டு ஓடலாம். மற்றவர்கள் சிரிப்பார்கள். உலையில் அரிசியை விட்டுவிட்டு ஓடியிருந்தால் அவர்களுக்கும் சிரிப்பு வராது. அந்த வெள்ளிக்கிழமை பக்கத்துத் துளையில் இருந்த மேலாளரின் கம்பியும் சிக்கிக்கொண்டு கழன்றது. திங்கள் காலை இரண்டையும் துளை மாற்றிச் செருகிவிட்டேன். அது அப்போது எனக்குத் தெரியாது.

என் கணினி ஒழுங்காக வேலை செய்தது. மேலாளரின் கணினிதான் செத்துக் கிடந்தது. திருத்துகிறவர் பெட்டியைச் சோதித்தார். மெயில் கணினியின் எண்ணைத் திருடிப் போட்டுக்கொண்டு ஒரு கணினி வந்திருக்கிறது, அதனால் துளை மூடியிருக்கிறது என்றார். எந்தத் துளை? என்னுடையது.

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். "நான் அப்பவே நினைச்சனான். உமக்குக் கடிதம் தரேலாது பிள்ளை" என்றார் மேலாளர்.

எனக்குப் பயத்தைவிட ஆத்திரம்தான் அதிகம். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். "தம்பி, என்ர கணினி இப்பவும் வேலை செய்யுது. மூடின துளையில இருக்கிற கம்பியைப் பிடிச்சுக்கொண்டு போய்ப் பாருங்கோ" என்று கத்தினேன்.

அவர் கம்பியைக் கையால் தடவியபடி போனார். அது சுவரோரமாக ஓடி, மேலாளரின் அறைக்குள் நுழைந்து, அவருடைய மேசையடியில் முடிந்தது.

பின்னேரம் மேலாளர் என்னைக் கூப்பிட்டார். "இதை வெளியில கதைக்காதேயும்" என்று சொல்லி ஒரு உறையை நீட்டினார். வாங்கிக்கொண்டு வந்தேன். மறுநாள் பாஸ் வரிசையில் நின்றபடி பிரித்துப் பார்த்தேன்.

"இவரையும் இவரது குடும்பத்தையும் நான் மிக நன்றாக அறிவேன்" என்று எழுதிக் கையொப்பமிட்டிருந்தார். அக்காவின் மெயிலெல்லாம் படித்தவர் அல்லவா. என் முறை வந்ததும் அதையே நீட்டினேன்.