ட்ரிப் பஸ்ஸில் என் ஊர்

கண்டிக்காரர்களுக்கு மனம் சரியில்லை என்றால் வாவியைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு வருவார்கள். எனக்கும் அதே வைத்தியத்தைத்தான் சொல்வாள் என் மச்சாள், அதாவது என் கணவரின் தங்கச்சி. "அண்ணி, ஒங்களுக்குத் தண்ணிதானே வேணும்? இந்தா இருக்கே, ஊரு நடுவுல!" என்பாள். தண்ணியாம் தண்ணி! அலை அடிக்காத தண்ணீரைப் பார்த்து நான் என்ன செய்ய?

நான் திருகோணமலையில் பிறந்தவள். கல்யாணம் முடித்துக் கண்டிக்கு வந்து தலையும் நரைத்துவிட்டது. இந்த ஊர் எனக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. ஆனாலும் கூரைத் தகரத்தில் மழை கொட்டும்போது கண்ணை மூடினால் எனக்குக் கடல்தான் கேட்கும். கணவருக்குப் பேராதனை ஆஸ்பத்திரியில் வேலை. லீவு கிடைத்தால் பன்விலத் தோட்டத்தில் அவருடைய ஆட்களின் கல்யாணம், சாவு, திருவிழா. என் ஊருக்கு மட்டும் லீவு மிஞ்சாது.

ஊரில் எனக்கு இருந்தது அக்கா ஒருத்திதான். அம்மாவும் அப்பாவும் விட்டுப்போன வீட்டில், புருஷனும் போன பிறகு, தனியாக இருந்தாள். போன வருஷம் ஒருநாள் போனில் சொன்னாள்: "மகன் கனடாவுக்குக் கூப்பிட்டிட்டான் பிள்ளை. விசாவும் வந்திட்டுது. வீட்டையும் வித்துக் குடுக்கப் போறன். ஒருக்கா வந்து பார்த்திட்டுப் போ." அன்று முழுவதும் எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்த வீட்டின் குசினியில், அடுப்படியில், அக்காவோடு குந்தியிருந்து ஒரு பிளேன்டீ குடிக்க வேண்டும். எனக்கு வேறொன்றும் வேண்டியிருக்கவில்லை.

எங்கள் லேன் சனம், ஒரே சந்தில் குடியிருப்பவர்கள், வருஷத்துக்கு ஒரு தடவை பஸ் பிடித்து ட்ரிப் போவோம். தலைமை மச்சாள். கழுத்தில் ஒரு விசில் தொங்கும். எந்த ஊர் என்று கை தூக்கித் தீர்மானிப்போம். எப்போதும் நுவரெலியாதான் வெல்லும். குளிரில் இருப்பவர்களுக்கு இன்னும் குளிர வேண்டுமாம்! அந்தத் தடவை நான் வீடு வீடாகப் போய்க் கதை அளந்தேன். கோட்டைக்குள் மான் மேயும், மலையுச்சியில் கோணேசர் கோயில், பக்கத்தில் இராவணன் வெட்டு, எட்டிப் பார்த்தால் தலை சுற்றும், கன்னியாவில் ஏழு கிணறு, ஏழும் ஏழு சூடு. கைகள் உயர்ந்தன. நான் வென்றேன்.

"எங்கட வீட்டுக்கும் ஒரு எட்டுப் போவம்" என்றதும் மச்சாள் முகம் மாறியது. "அது மட்டும் கேக்காதீங்க அண்ணி. ட்ரிப்புல சொந்தக்காரங்க வீடு கெடையாது. ஒரு வீட்டுக்குப் போனா ஆளாளுக்கு அவங்கவங்க வீட்டுக்குத் திருப்பச் சொல்லுவாங்க. அப்புறம் மாத்தளையிலயே பொழுது போயிரும்." அவள் சொன்னது நியாயம்தான். அதனாலேயே எனக்கு இன்னும் கோபம் வந்தது.

அக்காவுக்கு போன் போட்டுப் புலம்பினேன். பழைய அக்கா என்றால் நடுரோட்டில் நின்று பஸ்ஸை மறித்திருப்பாள். இந்த அக்கா, "சரி, அதுக்கென்ன. நான் வீட்டைப் பூட்டிப்போட்டு வாறன். உங்கட பஸ்ஸில எனக்கொரு சீற் இருக்கும்தானே?" என்றாள். இவ்வளவு லேசில் இணங்கிவிட்டாளே என்று எனக்கு மனத்தாங்கலாக இருந்தது.

விடிய முன்னமே டயருக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிக்கொண்டு புறப்பட்டோம். தம்புள்ள வரை மேளமும் பாட்டும் ஓயவில்லை. கடல் கண்ணில் பட்டதும் பஸ்ஸே கத்தியது. நான் மட்டும் கத்தவில்லை. ஜன்னலைத் திறந்து காற்றை முகர்ந்தேன்.

கோயிலுக்குப் போய்விட்டு இறங்கி வந்தால், கோட்டைக்குள் ஆலமரத்தடியில் அக்கா நிற்கிறாள், மெலிந்துபோய். காலடியில் இரண்டு பெரிய சட்டி நிறைய நண்டுக் கறி. கோயிலுக்கு நண்டோடு போகக் கூடாது என்று கீழேயே காத்திருந்திருக்கிறாள். "சம்பந்தி வீட்டுச் சனம் ஊருக்கு வந்து, என்ர கையால ஒரு வாய் சாப்பிடாமல் போறதோ?" என்றாள். லேன் சனம் சோற்றுப் பார்சலைப் பிரித்து நண்டில் விழுந்தது. ஒரு மான் வந்து மச்சாளின் பார்சலை இலையோடு இழுத்துக்கொண்டு போக, அவள் மானைப் பார்த்து விசில் ஊதினாள். அக்கா வயிறு குலுங்கச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்கத்தான் நான் இத்தனை தூரம் வந்தேன்.

பிறகு பஸ்ஸில் என் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள். கடற்கரையில் எங்கள் சனம் ஊருக்குக் கொண்டுபோகக் கடல் தண்ணீரைப் போத்தல் போத்தலாக நிரப்பியது. அக்காவுக்கு அது அதிசயமாக இருந்தது. "இவ்வளவு காலமும் வாசலிலயே கிடந்தது பிள்ளை. நான் ஒருநாளும் நின்று பார்த்ததில்லை" என்றாள்.

கன்னியாவுக்குப் போகிற வழியில் எங்கள் பழைய வீட்டு ஒழுங்கை வரும். நான் ஜன்னலால் எட்டி எட்டிப் பார்த்தேன். மச்சாள் என் முகத்தைப் பார்த்தாளோ என்னவோ, திடீரென்று விசில் ஊதினாள். பஸ் நின்றது. "எறங்குங்க அண்ணி. அக்காவ கூட்டிக்கிட்டுப் போயிட்டு வாங்க. யாரு கேட்டாலும் நான் பேசிக்கிறேன்." ஜன்னலால் பார்த்தால் எங்கள் கேற் தெரிகிறது. மாமரமும் தெரிகிறது. நான் எழும்பிவிட்டேன்.

அக்கா என் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். "வேண்டாம் பிள்ளை."

"ஏன் அக்கா?"

"உள்ளுக்கு ஒண்டும் இல்லை. கதிரை, கட்டில், அலுமாரி எல்லாம் போயிட்டுது. சாமிப்படமும் கழட்டியாச்சு. கூப்பிட்டால் எதிரொலிக்குது. உனக்குள்ள இருக்கிற வீடு அப்பிடியே இருக்கட்டும்." என் கையை விடாமலே, "அதுக்குத்தான் நான் பூட்டிப்போட்டு வந்தனான்" என்றாள்.

நான் பஸ்ஸுக்குள் வாய்விட்டு அழுதேன். வெட்கமாவது ஒன்றாவது! மேளம் அடித்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். மச்சாள் டிரைவரிடம் போகச் சொல்லிக் கையைக் காட்டினாள்.

கன்னியா வெந்நீர்க் கிணறுகளில் எங்கள் சனத்துக்கு ஒரே கும்மாளம். நானும் அக்காவும் அங்கே கடைசியாகச் சேர்ந்து நின்றது அப்பாவின் அந்தியேட்டிக்கு. ஊர்க்காரர் நாங்கள் செத்தவீட்டுக் கிரியைக்குத்தான் அங்கே போவோம். குளித்து விளையாடப் போனதில்லை. அக்கா வாளியில் அள்ளி என் தலையில் ஊற்றினாள். சின்ன வயதில் ஊற்றுவதுபோல என் காதைப் பொத்திக்கொண்டு ஊற்றினாள். பிறகு ஓட்டோவில் ஏறி, "அப்ப நான் போயிட்டு வாறன்" என்றாள். கழுவிய இரண்டு சட்டிகளையும் எங்கள் பஸ்ஸில் ஏற்றிவிட்டிருந்தாள்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் கனடாவிலிருந்து போன் வரும். அங்கே வெளியே எல்லாம் பனியாம். "நீ கிட்டத்தானே இருக்கிறாய் பிள்ளை. ஒருக்காப் போய்க் கடலைப் பார்த்திட்டு எனக்குச் சொல்லன்" என்பாள். "ஓம் அக்கா, போறன்" என்பேன்.

போன வாரம் மச்சாள் லேன் சனத்தைக் கூட்டி இந்த வருஷம் எங்கே போவோம் என்று கேட்டாள். "திருகோணமலைக்கே போவோம், அந்த நண்டு இன்னும் நாக்குல நிக்குது" என்றார்கள் நாலைந்து பேர். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வேறு யாரோ திறந்து பூட்டுகிற அந்த கேற்றைக் கடந்து எனக்குப் போக முடியாது. நான் முதல் ஆளாகக் கையைத் தூக்கி, "நுவரெலியா" என்றேன்.

மச்சாள் பகிடி ஒன்றும் பண்ணவில்லை. "சரி அண்ணி, நுவரெலியாவுக்கே போவோம்" என்றாள்.